கடலடி ஜுராசிக் சேற்றுப்பாறையைப் படிப்பது எப்படி? பாளையங்கோட்டையிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

சித்திரையில் குளம் வற்றினதும் கரம்பை அள்ளப் போயிருக்கிறீர்களா? மேலே அரையடிக்கு வெளிறின சாம்பல் நிறத்தில் வெடிப்பு விட்டுக் காய்ந்து கிடக்கும். அதற்குக் கீழே மண்வெட்டியைப் போட்டால் கருகருவென்று ஈரச் சேறு, கூடவே அழுகின முட்டை நாற்றம். அந்தக் கருப்புக் கட்டியை வரப்பில் போட்டுவிட்டுச் சாயங்காலம் வந்து பார்த்தால் பழுப்பாக மாறியிருக்கும். நாற்றத்துக்குக் காரணம் ஹைட்ரஜன் சல்பைடு, கருப்புக்குக் காரணம் இரும்பு சல்பைடு, பழுப்பாக மாறக் காரணம் காற்றிலுள்ள ஆக்சிஜன். இந்த மூன்றும் மனசில் உட்கார்ந்துவிட்டால், பிரிட்டனுக்கும் நார்வேக்கும் நடுவிலுள்ள வடகடலுக்கு அடியில் மூன்று கிலோமீட்டர் ஆழத்தில் கிடக்கிற டிராப்னே என்ற கருப்புப் பாறையில் பாதி புரிந்த மாதிரிதான்.

நான் சில வருஷம் கடல் ரிக்குகளில் (துளையிடும் மேடைகளில்) மட் லாகராக, அதாவது தோண்டும்போது மேலே வரும் பாறைத்துகளைப் பார்த்துப் பதிவு செய்கிறவனாக, வேலை பார்த்துவிட்டு ஊர் திரும்பினவன். ஜியாலஜி படிக்கிற பிள்ளைகள் புராஜெக்ட்டுக்கு யோசனை கேட்டு வீட்டுக்கு வருவார்கள். எல்லோரும் சொல்வது ஒன்றுதான்: "அண்ணே, நம்ம பக்கம் எல்லாம் சார்னோக்கைட்டும் நைஸும், தாழையூத்துச் சுண்ணாம்புக்கல்கூட உருமாறின பாறை, எண்ணெய் பற்றிப் படிக்க இங்கே என்ன இருக்கு?" வாஸ்தவம்தான், நம் பக்கம் தரையில் ஜுராசிக் சேற்றுப்பாறை கிடையாது. ஆனால் நார்வேக்காரர்கள் தங்கள் கடலில் தோண்டின கிணறுகளின் தரவை உலகத்துக்கே திறந்து வைத்திருக்கிறார்கள். ஒரு லேப்டாப்பும் இன்டர்நெட்டும் இருந்தால் போதும், முருகன்குறிச்சியில் உட்கார்ந்துகொண்டே அந்தப் பாறையை அங்குலம் அங்குலமாகப் படிக்கலாம். அதைத்தான் படிப்படியாக எழுதப்போகிறேன்.

ஒரே ஒரு விதியை மட்டும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சேற்றுப்பாறையில் எந்த எண்ணுக்கும் குறைந்தது இரண்டு காரணம் இருக்கும். அதனால் இரண்டாவது சாட்சி கிடைக்காமல் எதையும் நம்பி எழுதக் கூடாது. ஒவ்வொரு படியிலும் முதல் சாட்சி யார், இரண்டாவது சாட்சி யார் என்று சொல்லிக்கொண்டே போகிறேன்.

படி 1: பெயரையும் வயதையும் சரிபண்ணிக்கொள்ளுங்கள்

முதல் குழப்பம் பெயரில்தான் வரும். இங்கிலாந்தின் தென்கரையில் டார்செட் பக்கம் கிம்மெரிட்ஜ் என்று ஒரு சின்னக் கிராமம் இருக்கிறது. அந்தக் கடற்கரைச் செங்குத்துப் பாறைகளில் தெரிகிற கருஞ்சாம்பல் சேற்றுப்பாறைக்குக் கிம்மெரிட்ஜ் களி என்று பெயர் வைத்தார்கள். அதே காலத்துச் சேறுதான் வடகடலின் அடியிலும் கிடக்கிறது. பிரிட்டன் பக்கத்தில் அதே பெயரிலேயே கூப்பிடுகிறார்கள். எல்லைக்கோட்டைத் தாண்டி நார்வே பக்கம் போனால் வைக்கிங் பள்ளத்தாக்கில் டிராப்னே, தெற்கே நடுப் பள்ளத்தாக்கில் மண்டால், வடக்கே நார்வேயின் நடுக்கரைக்கு அப்பால் ஸ்பெக், இன்னும் வடக்கே பேரன்ட்ஸ் கடலில் ஹெக்கிங்கன் என்று பெயர். விவரம் இடத்துக்கு இடம் மாறும், வயசும் கொஞ்சம் முன்னே பின்னே போகும், ஆனால் எல்லாம் ஒரே குடும்பம். ஒரே தாமிரபரணி வாய்க்காலுக்கு ஊருக்கு ஒரு பெயர் இருக்கிற மாதிரி.

வயது: மேல் ஜுராசிக். கிம்மெரிட்ஜியன் என்ற காலக்கட்டம் சுமார் 15.5 கோடி ஆண்டுகளுக்கு முன் தொடங்குகிறது. அதன் அடி எல்லைக்கான உலகப் பொது அடையாள இடமாக ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவிலுள்ள ஃப்ளாடிகாரி 2021-ல் ஏற்கப்பட்டது. டிராப்னேயின் அடிப்பகுதி சில இடங்களில் அதற்கும் முந்தைய ஆக்ஸ்ஃபோர்டியனிலேயே தொடங்கிவிடுகிறது, உச்சி, ஜுராசிக்குக்கு அடுத்த காலமான கிரிடேசியஸின் ஆரம்பம் வரை ஏறிப்போகிறது. ஆக "ஜுராசிக் பாறை" என்று சொன்னாலும் தலைமாட்டில் கொஞ்சம் கிரிடேசியஸ் ஒட்டிக்கொண்டிருக்கும். இதை நோட்டில் எழுதிவைத்துக்கொள்ளுங்கள், வைவாவில் கட்டாயம் கேட்பார்கள்.

வயதுக்கு முதல் சாட்சி அம்மோனைட், அழிந்துபோன சுருள் ஓட்டுக் கடல்பிராணியின் புதைபடிவம். ஆனால் கடலடிக் கிணற்றில் துளைமுனை எல்லாவற்றையும் நொறுக்கிவிடுவதால் முழு அம்மோனைட் கையில் கிடைக்காது. அதனால் டைனோசிஸ்ட் என்ற நுண்பாசி உறைகளைப் பிரித்தெடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்த்து வயது சொல்கிறார்கள். தரைப்பாறையில் அம்மோனைட்டும் டைனோசிஸ்ட்டும் சேர்ந்தே கிடைப்பதால் இரண்டையும் ஒப்பிட்டு வைத்திருக்கிறார்கள்.

அம்மோனைட் எப்படி இருக்கும் என்று கேட்டால், நவதிருப்பதி பக்கம் வைணவர் வீட்டுப் பூஜையறையில் சாளக்கிராமம் பார்த்திருப்பீர்கள். நேபாளத்தில் முக்திநாத் பக்கம் காலி கண்டகி ஆற்றில் கிடைக்கிற அந்தக் கருங்கல்லுக்குள் இருக்கிற சக்கரச் சுழி ஒரு அம்மோனைட்டின் தடம்தான். அது வந்த கருப்பு ஷேலும் (தகடாகப் பிரியும் சேற்றுப்பாறை) மேல் ஜுராசிக்கைச் சேர்ந்ததே. வடகடலில் டிராப்னே படிந்துகொண்டிருந்த அதே காலத்தில், இந்தியாவின் வடகரையோரக் கடலில் இன்னொரு கருஞ்சேறு படிந்துகொண்டிருந்தது. எனக்கு இது தெரிந்த நாளிலிருந்து ஸ்ரீவைகுண்டம் போகும்போதெல்லாம் அந்தக் கல்லைப் பார்க்கிற பார்வையே மாறிவிட்டது, பக்தி குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது.

படி 2: அந்தச் சேறு எப்படி விழுந்தது என்று படம் வரையுங்கள்

லாக்கை, அதாவது கிணற்றுக்குள் கருவி இறக்கி ஆழவாரியாக எடுத்த அளவீட்டுப் பதிவை, திறப்பதற்கு முன்னால் ஒரு வெள்ளைத்தாளில் படம் போடுங்கள். மேல் ஜுராசிக்கில் வடகடலின் தரை இழுபட்டுப் பிளந்துகொண்டிருந்தது. பெரிய பெரிய பாறைக் கட்டைகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து இறங்கின. குறுக்குத்துறைப் படித்துறையில் வெள்ளத்துக்கு அடியரிப்பு ஏற்பட்டுக் கற்கள் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கல்லுக்கும் தூக்கின விளிம்பு ஒன்று, தாழ்ந்த பள்ளம் ஒன்று இருக்கும். தண்ணீர் வடிந்தபின் சேறு எங்கே தங்கும்? பள்ளத்தில் கனமாக, விளிம்பில் மெல்லிசாக, சில விளிம்பில் ஒன்றுமே இருக்காது. டிராப்னேயும் அப்படித்தான். பள்ளத்தாக்கின் நடுவில் நூற்றுக்கணக்கான மீட்டர் தடிமன், சாய்ந்த கட்டையின் உச்சியில் சில மீட்டர், அல்லது அறவே காணோம். ஒரு கிணற்றில் 20 மீட்டர்தான் இருக்கிறது என்பதற்காக அந்தப் பகுதி முழுக்க அவ்வளவுதான் என்று எழுதிவிடாதீர்கள், எண்ணெய்க் கிணறுகளில் பெரும்பாலானவை உச்சியைக் குறிவைத்துத் தோண்டப்பட்டவை.

அடுத்து ஆக்சிஜன். பள்ளங்களில் தேங்கின அடித்தண்ணீர் மேல்தண்ணீரோடு கலக்கவில்லை. மேலே பாசியும் நுண்ணுயிரும் கொழித்துச் செத்து விழுந்துகொண்டே இருந்தன, அதை மட்கச் செய்யப் போதுமான ஆக்சிஜன் கீழே இல்லை. இன்றைக்கு இதற்குச் சமமாகக் காட்டுகிற இடம் கருங்கடல். அங்கே மேலே 150-200 மீட்டரைத் தாண்டிவிட்டால் கீழே முழுக்க ஹைட்ரஜன் சல்பைடு நிறைந்த தண்ணீர். நம் குளத்துச் சேற்றில் அரையடிக்குக் கீழே நடப்பது அங்கே கடல் அளவில் நடக்கிறது.

விழுந்த வேகத்தையும் ஒரு தடவை கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 மீட்டர் சேற்றுப்பாறை ஒரு கோடி வருஷத்தில் படிந்தது என்று வைத்தால் ஆயிரம் வருஷத்துக்கு 1 சென்டிமீட்டர் வருகிறது. ஆனால் அது நசுங்கின பிறகான தடிமன். புதுச் சேற்றில் முக்கால் பங்கு தண்ணீர்தான், புதைந்து அழுந்தி அது பத்து சதவீதத்துக்கு இறங்கினால் 100 மீட்டர் சேறு சுமார் 28 மீட்டராகச் சுருங்கும். அப்படியே திருப்பிப் போட்டாலும் ஆயிரம் வருஷத்துக்கு மூன்றரை சென்டிமீட்டர்தான். 2023 டிசம்பர் வெள்ளத்தில் ஆற்றோரத்து வீடுகளுக்குள் ஒரே ராத்திரியில் கணுக்கால் அளவு சேறு ஏறினதைக் கழுவித் தள்ளினவர்களுக்கு இந்த நிதானம் எவ்வளவு பெரிசு என்று தெரியும்.

படி 3: தரவை இறக்கிக்கொள்ளுங்கள்

மூன்று இடம் போதும். ஒன்று, நார்வே கடலடி இயக்குநரகத்தின் ஃபேக்ட்பேஜஸ் இணையதளம். பதிவே தேவையில்லை. கிணற்று எண்ணைத் தட்டினால் எந்த ஆழத்தில் எந்தப் பாறைத் தொகுதி தொடங்குகிறது, கோர் (உருளையாக வெட்டியெடுத்த பாறை மாதிரி) எடுத்தார்களா, எடுத்திருந்தால் போட்டோ, பழைய கிணறாக இருந்தால் முழு அறிக்கை என்று எல்லாம் வரும். டிராப்னே என்று தேடினால் அதன் அதிகாரப்பூர்வ விளக்கமும் கிடைக்கும், அதை முதலில் படித்துவிடுங்கள். இரண்டு, வோல்வே எண்ணெய் வயலின் தரவு. 1993-ல் கண்டுபிடித்து 2008 முதல் 2016 வரை எண்ணெய் எடுத்து மூடின வயல் அது. அதன் சுமார் 40,000 கோப்புகளை ஈக்வினார் நிறுவனம் 2018-ல் வெளியிட்டது. அங்கே எண்ணெய் இருந்தது நடு ஜுராசிக்கைச் சேர்ந்த ஹூகின் மணற்பாறையில், ஆனால் அதை எட்டத் தோண்டும்போது வழியில் டிராப்னேயையும் அதற்குக் கீழுள்ள ஹெதர் பாறையையும் கடந்துதான் போகவேண்டும். மூன்று, 2020-ல் ஃபோர்ஸ் அமைப்பு நடத்தின இயந்திரக் கற்றல் போட்டிக்காகக் கொடுத்த 98 கிணறுகளின் லாக். இதில் பாறைத் தொகுதியின் பெயரும் கூடவே வருவதால் புதுசாகத் தொடங்குகிறவர்களுக்கு இதுதான் சுலபம், இதிலிருந்தே ஆரம்பியுங்கள் என்பேன்.

இறக்கின கையோடு ஆழத்தைச் சரிபாருங்கள். லாக்கில் இருக்கிற ஆழம் ரிக் தளத்திலிருந்து குழாய் வழியாக அளந்தது. கிணறு சாய்வாகப் போயிருந்தால் அது செங்குத்து ஆழம் ஆகாது. செங்குத்து ஆழத்திலிருந்து ரிக் தளத்துக்கும் கடல்மட்டத்துக்கும் இடைவெளி, கடலின் ஆழம் இரண்டையும் கழித்தால்தான் பாறை எவ்வளவு ஆழத்தில் புதைந்திருக்கிறது என்று வரும். செங்குத்து ஆழம் 3,000 மீட்டர், தளம் 25 மீட்டர் உயரம், கடல் 80 மீட்டர் என்றால் புதைவு 2,895 மீட்டர். வேலையில் சேர்ந்த முதல் வருஷம் இந்தக் கழித்தலை விட்டுவிட்டு நான் கொடுத்த வெப்பநிலை அட்டவணை திரும்பி வந்தது, முழுக்க உட்கார்ந்து மறுபடி போட வேண்டியதாயிற்று.

படி 4: நாலு லாக்கை ஒன்றாகப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்

இந்தப் படியில் அவசரப்படாதீர்கள். காமா, சானிக், அடர்த்தி, மின்தடை, இந்த நான்கையும் ஒரே ஆழ அளவில் பக்கம் பக்கமாகப் போடுங்கள்.

காமா லாக் பாறையிலிருந்து வரும் இயற்கைக் கதிரியக்கத்தை அளக்கிறது. பொட்டாசியம், தோரியம், யுரேனியம் மூன்றும் சேர்ந்த கூட்டுத்தொகை அது. டிராப்னேயில் சாதாரணமாக 100 ஏபிஐ-க்கு (காமா லாக்கின் அலகு) மேலே ஏறி நிற்கும், சில இடங்களில் அதைப்போல் இரண்டு மடங்கும் போகும். அதனால்தான் அந்தக் காலத்திலிருந்தே இதை "சூடான ஷேல்" என்று கூப்பிடுகிறார்கள். காரணம் யுரேனியம். கடல்தண்ணீரில் கரைந்திருக்கிற யுரேனியம் ஆக்சிஜன் இல்லாத சேற்றுக்குப் பக்கத்தில் வந்தால் கரையாத வடிவத்துக்கு மாறி அங்கேயே, மட்காத உயிர்ப்பொருளோடு ஒட்டிக்கொண்டு தங்கிவிடும்.

ஆனால் காமா ஏறினதாலேயே "இதோ டிராப்னே" என்று கோடு போட்டுவிடாதீர்கள். நம் தென்கரையை யோசியுங்கள். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது, அதில் தோரியம். அந்த மணலில் காமா கருவியை இறக்கினால் அதுவும் எகிறும், ஆனால் அங்கே சேறும் கிடையாது எண்ணெயும் கிடையாது. பொட்டாசியம் குளோரைடு கலந்த தோண்டுசேறு (தோண்டும்போது கிணற்றுக்குள் சுற்றவிடும் குழம்பு) பயன்படுத்தியிருந்தாலும் காமா கூடும். இரண்டாவது சாட்சி நிறமாலைக் காமா லாக், அது மூன்றையும் தனித்தனியே பிரித்துக் காட்டும். சாதாரண ஷேலில் தோரியம் யுரேனியத்தைப்போல் நான்கு மடங்கு அளவில் இருக்கும். அந்த விகிதம் 2-க்குக் கீழே இறங்கினால் ஆக்சிஜன் இல்லாத சேறு என்பதற்கு நல்ல சான்று.

சானிக்: ஒலி பாறையில் எவ்வளவு மெதுவாகப் போகிறது. டிராப்னேயில் மெதுவாகப் போகும். அடர்த்தியும் குறையும். இரண்டுக்கும் ஒரே காரணம், மட்காத உயிர்ப்பொருள், அதாவது கெரோஜென், ரொம்ப லேசானது. தாதுக்களின் அடர்த்தி 2.7 பக்கம் என்றால் கெரோஜெனுக்கு 1.1 முதல் 1.4 வரை. எடையில் 6 சதவீதம் இருந்தாலே கொள்ளளவில் 12 சதவீதம் வரை இடத்தை அடைத்துக்கொள்ளும். மின்தடை பெரும்பாலும் கூடும், ஏனென்றால் கெரோஜெனும் அதிலிருந்து உண்டான எண்ணெயும் மின்சாரத்தைக் கடத்தாது, உப்புத்தண்ணீர் இருந்த நுண்துளைகளில் எண்ணெய் ஏறி உட்கார்ந்தால் தடை இன்னும் ஏறும்.

இப்போது எல்லைக்கோடு. மேலே இருப்பது கிரிடேசியஸின் குரோமர் நோல் தொகுதி. வெளிர் நிறம், சுண்ணாம்புச் சத்து உண்டு, காமா குறைவு, ஒலி வேகம் அதிகம். அதிலிருந்து டிராப்னேக்குள் நுழையும்போது நான்கு லாக்கும் ஒரே இடத்தில் சட்டென்று திரும்பும், பார்த்தாலே தெரியும். நில அதிர்வுப் படங்களில் பலமாகத் தெரிகிற "கிரிடேசியஸ் அடிக்கோடு" பல இடங்களில் இந்தத் திருப்பம்தான். கீழ் எல்லைதான் பாடுபடுத்தும். கீழே ஹெதர், அதுவும் சேற்றுப்பாறைதான், கார்பன் (அதாவது கெரோஜென்) குறைந்த சாம்பல் நிறம். சில கிணறுகளில் மாற்றம் மெதுவாக, முப்பது நாற்பது மீட்டருக்குப் பரவி வரும். அங்கே காமாவை மட்டும் வைத்துக் கோடு போட்டால் ஆளுக்கு ஓர் ஆழம் சொல்வார்கள். சானிக்கும் மின்தடையும் சேர்ந்து விலகத் தொடங்குகிற இடத்தை எடுங்கள், அதற்குத்தான் அடுத்த படி.

நடுவில் அங்கங்கே ஊசி மாதிரி ஒலி வேகம் எகிறி, காமா இறங்கி நிற்கும் இடங்கள் வரும். அவை ஒன்றிரண்டு அடி கனமுள்ள டோலமைட் அல்லது சுண்ணாம்புக்கல் பட்டைகள். மின்தடையும் அங்கே ஏறும். அதை எண்ணெய் என்று எடுத்துக்கொள்ளாமல் சானிக்கைக் கேளுங்கள், கெரோஜென் என்றால் ஒலி மெதுவாகும், பட்டை என்றால் வேகமாகும்.

படி 5: கார்பன் எவ்வளவு என்று லாக்கிலிருந்தே கணக்கிடுங்கள்

1990-ல் பாஸியும் கூட்டாளிகளும் வெளியிட்ட முறை இன்றும் ஓடுகிறது. கருத்து எளிது. கார்பன் இல்லாத சாதாரண ஷேலில் சானிக் கோட்டையும் மின்தடைக் கோட்டையும் ஒன்றன்மேல் ஒன்று விழும்படி நகர்த்தி வையுங்கள், மின்தடை பத்து மடங்கு மாறுவதற்குச் சானிக்கில் அடிக்கு 50 மைக்ரோ வினாடி என்ற அளவில். அப்புறம் மேலே வந்து பார்த்தால் டிராப்னேயில் இரண்டு கோடும் வாயைப் பிளந்த மாதிரி விலகி நிற்கும். அந்த விலகல்தான் கார்பன்.

ஒரு கணக்கு போடுவோம், எண்கள் பயிற்சிக்காக வைத்துக்கொண்டவை. ஹெதரில் மின்தடை 2 ஓம் மீட்டர், சானிக் 90. டிராப்னேயில் மின்தடை 8, சானிக் 110. மின்தடை நான்கு மடங்கு, அதன் மடக்கை 0.60. சானிக் வித்தியாசம் 20, அதை 0.02-ஆல் பெருக்கினால் 0.40. கூட்டினால் விலகல் 1.0. முதிர்ச்சி எண் (பாறை எவ்வளவு வெந்திருக்கிறது என்பதன் அளவு) 9 என்று எடுத்தால், 2.297-லிருந்து 0.1688 பெருக்கல் 9-ஐக் கழித்துக் கிடைக்கும் 0.778-ஐப் பத்தின் அடுக்காக ஏற்றினால் 6.0. விலகலால் பெருக்க, கார்பன் 6 சதவீதம். டிராப்னே குடும்பத்துக்கு இது சாதாரணமாகக் கிடைக்கிற அளவுதான், 2 முதல் 12 வரை போகும்.

முதிர்ச்சி எண்ணைத் தப்பாக எடுத்தால் விடை ரொம்ப மாறிவிடும். 9-க்குப் பதில் 7 போட்டுப் பாருங்கள், கார்பன் 13-ஆக ஏறிவிடும். அதனால் ஆய்வகத்தில் அளந்த நாலைந்து மாதிரியோடு பொருத்திப் பார்க்காமல் இந்தக் கணக்கை அறிக்கையில் வைக்காதீர்கள். நிலத்தடி அழுத்தம் அசாதாரணமாகக் கூடின இடங்களிலும் ஒலி மெதுவாகும், அதுவும் கார்பன் மாதிரி வேஷம் போடும்.

படி 6: துகளைக் கையில் எடுத்துப் பார்க்கத் தெரிந்துகொள்ளுங்கள்

இது என் தொழில், அதனால் கொஞ்சம் கூடவே சொல்கிறேன். தோண்டும்போது நொறுங்கின பாறைத்துண்டுகள் தோண்டுசேற்றோடு மேலே வந்து ஷேக்கர் சல்லடையில் விழும். 3,000 மீட்டரிலிருந்து மேலே வர ஒரு மணி நேரத்துக்கு மேலும் ஆகலாம், குழாய்க்கு வெளியே இருக்கிற இடத்தின் கொள்ளளவையும் பம்பு வேகத்தையும் வைத்து அந்தத் தாமதத்தைக் கணக்குப் போட்டுத்தான் எந்தத் துகள் எந்த ஆழம் என்று எழுதுவோம். வேலை மும்முரத்தில் கணக்கு பத்து நிமிஷம் பிசகினால் டிராப்னேயின் உச்சி பல மீட்டர் தள்ளிப் பதிவாகும். பழைய அறிக்கையில் துகள் விவரமும் லாக்கும் பொருந்தாவிட்டால் லாக்கை நம்புங்கள்.

டிராப்னேத் துகள் எப்படி இருக்கும்? கரும்பழுப்பிலிருந்து கருப்பு. நகத்தால் கீறினால் பழுப்புக் கோடு விழும், எண்ணெய்ப் பசை உள்ள கருப்பட்டி மாதிரி. நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலச் சொட்டு விட்டால் பெரும்பாலும் நுரைக்காது, மேலே இருக்கிற கிரிடேசியஸ் துகள் நுரைக்கும், இது ஒன்றே எல்லையைக் காட்டிக்கொடுக்கும். சில துண்டுகள் தகடு தகடாக உரியும், சில உரியாமல் கட்டியாகவே உடையும். தகடாகப் பிரிந்தால் ஷேல், பிரியாவிட்டால் சேற்றுப்பாறை என்பதுதான் வழக்கம், ஆனால் இரண்டும் ஒரே தொகுதிக்குள் மாறி மாறி வரும். லென்ஸில் பார்த்தால் பொன்னிறமாகப் பைரைட் (இரும்பு சல்பைடுக் கனிமம்) மின்னும்.

மைக்ராஸ்கோப் வசதி கிடைத்தால் பைரைட்டை இன்னும் நெருங்கிப் பாருங்கள். பூந்தி லட்டு மாதிரி நுண்மணிகள் ஒட்டிச் சேர்ந்த உருண்டைகள் தெரியும். தண்ணீரிலேயே ஆக்சிஜன் இல்லாதபோது இந்த லட்டுகள் மிகச் சின்னதாக, சராசரி 5 மைக்ரான் பக்கம், ஏறத்தாழ ஒரே அளவில் இருக்கும். தண்ணீரில் ஆக்சிஜன் இருந்து சேற்றுக்குள் மட்டும் இல்லாதிருந்தால் பெரிசும் சின்னதுமாகக் கலந்து கிடக்கும். கடல்தண்ணீரின் நிலைமைக்கு யுரேனியம் முதல் சாட்சி என்றால் இது இரண்டாவது.

ஒரு எச்சரிக்கை. கிணற்றுச் சுவரிலிருந்து உதிர்ந்து விழும் துண்டுகளும் கூடவே வரும். டிராப்னேயைக் கடந்து ஹெதருக்குள் நூறு மீட்டர் போனபிறகும் தட்டில் கருப்புத் துண்டு வந்துகொண்டே இருக்கும். பெரிசாக, வளைந்த விளிம்போடு, சிராய் மாதிரி நீளமாக இருந்தால் அது மேலிருந்து உதிர்ந்தது. புதுசாக எது தட்டில் நுழைகிறது என்பதைத்தான் கவனிக்க வேண்டும், எது நிறைய இருக்கிறது என்பதை அல்ல.

படி 7: ஆய்வக எண்களைப் படிப்பது

ராக் இவால் என்ற கருவியில் பாறைப்பொடியைச் சூடாக்குவார்கள். 300 டிகிரியில் வெளியேறுவது ஏற்கெனவே உண்டாகிவிட்ட எண்ணெய், எஸ்1. அதற்கு மேல் சூடேற்றும்போது கெரோஜென் உடைந்து வருவது எஸ்2. எஸ்2 உச்சத்தைத் தொடுகிற வெப்பநிலை டி மேக்ஸ். எஸ்2-ஐக் கார்பனால் வகுத்து நூறால் பெருக்கினால் ஹைட்ரஜன் குறியீடு. கார்பன் 6, எஸ்2 30 என்றால் குறியீடு 500. அது இரண்டாம் வகைக் கெரோஜென், கடல்பாசியிலிருந்து வந்தது, எண்ணெய் கொடுக்கும். குறியீடு 150 பக்கம் இருந்தால் இரண்டு சாத்தியம்: ஆறு அடித்துவந்த மரச்சிராய் நிறையக் கலந்திருக்கலாம், அல்லது நல்ல கெரோஜெனே வெந்து எண்ணெய் கொடுத்து முடித்திருக்கலாம். பிரித்தறிய டி மேக்ஸைப் பாருங்கள். 435-க்குக் கீழே இருந்தால் இன்னும் வேகவில்லை, ஆகவே மரச்சிராய். 455, 460 என்று ஏறியிருந்தால் வெந்தது. அதற்கும் ஒரு சாட்சி வேண்டுமானால் வைட்ரினைட் என்ற மரத்துணுக்கு தன்மேல் படும் ஒளியில் எவ்வளவைத் திருப்பி அனுப்புகிறது என்று பாருங்கள். 0.6 சதவீதம் பக்கம் எண்ணெய் தொடங்கும், 1.3 பக்கம் முடியும்.

எஸ்1 அநியாயத்துக்குக் கூடுதலாக இருந்தால் சந்தோஷப்படுவதற்கு முன்னால், கிணற்றை எண்ணெய் கலந்த சேற்றால் தோண்டினார்களா என்று அறிக்கையில் தேடுங்கள். ஒரு வேலையில் துகளைச் சரியாகக் கழுவாமல் அனுப்பிவிட்டார்கள், வந்த எண் முழுக்க தோண்டுசேற்று எண்ணெயின் கணக்கு, மூன்று வாரம் வீணாயிற்று.

படி 8: வெந்ததா வேகவில்லையா

வடகடலில் கடல்தரை சுமார் 5 டிகிரி, கீழே போகப்போக ஒரு கிலோமீட்டருக்கு 35 டிகிரி ஏறுகிறது என்று வையுங்கள். நம் 2,895 மீட்டருக்கு 106 டிகிரி வரும். எண்ணெய் உண்டாகத் தொடங்க 100 டிகிரி வேண்டுமென்றால் 2.7 கிலோமீட்டர் புதைய வேண்டும். இந்த ஒரு கணக்கு பல விஷயத்தை விளக்கிவிடும். பள்ளத்தாக்கின் ஆழத்தில் டிராப்னே வெந்து எண்ணெயைத் தள்ளியது, பக்கத்தில் தூக்கி நின்ற கட்டைகளின் பழைய மணற்பாறைகளுக்குள் அது ஏறிச் சேர்ந்தது. 1971-ல் கண்ட பிரென்ட், 1974-ல் கண்ட ஸ்டாட்ஃபியோர்ட் இரண்டிலும் எண்ணெய் இருப்பது மணற்பாறையில், அதைப் பெற்றெடுத்தது இந்தக் கருஞ்சேறு.

இதற்கு நேர்மாறான காட்சி பெயர் கொடுத்த ஊரிலேயே இருக்கிறது. கிம்மெரிட்ஜ் விரிகுடாவின் கரையில் 1959-ல் தோண்டின ஓர் எண்ணெய்க் கிணறு நிற்கிறது. சுற்றிலும் கிம்மெரிட்ஜ் களி. பார்க்கிற யாரும் இந்தக் களியிலிருந்துதான் எண்ணெய் என்று நினைப்பார்கள். இல்லை. அங்கே அது போதிய ஆழம் புதையவே இல்லை, வேகவில்லை. அந்த எண்ணெய் கீழே கிடக்கிற கீழ் ஜுராசிக் லயாஸ் ஷேலிலிருந்து வந்து, நடு ஜுராசிக் சுண்ணாம்புக்கல்லின் வெடிப்புகளில் சேர்ந்தது. ஆனால் அதே வேகாத களி நெருப்பு பிடிக்கும். பக்கத்திலிருக்கிற ரிங்ஸ்டெட்டில் 1826-ல் கடற்கரைப் பாறையே தானாகத் தீப்பிடித்துப் பல வருஷம் புகைந்தது. பைரைட் காற்றுபட்டுச் சூடேறியதுதான் தொடக்கம் என்று சொல்கிறார்கள். ரோமானியர் காலத்திலும் அதற்கு முன்பும் அந்தக் கருப்புக்கல்லைக் கடைந்து வளையல் செய்து போட்டிருக்கிறார்கள்.

படி 9: இடையில் மணல் வந்தால் விட்டுவிடாதீர்கள்

சேற்றுத் தொகுதி என்றால் முழுக்கச் சேறு என்று அர்த்தம் இல்லை. பிளவு விளிம்புகளிலிருந்து சரிந்த மணலும் கூழாங்கல்லும் அங்கங்கே நாக்கு நீட்டியிருக்கும். பிரிட்டன் பக்கம் பிரே, மேக்னஸ் வயல்கள் அப்படிப்பட்ட மணலில் இருப்பவை. நார்வேயில் 2010-ல் கண்டுபிடித்த யோகான் ஸ்வெர்ட்ரப் என்ற பெருவயலின் முக்கிய எண்ணெய்ப்பாறை டிராப்னேக்குள்ளேயே இருக்கும் மணற்பாறை, 2019-லிருந்து எண்ணெய் எடுக்கிறார்கள். அவ்வளவு வருஷமாக எத்தனையோ கிணறு போட்ட கடலில் அது கண்ணில் படாமல் கிடந்தது. லாக்கில் காமா திடீரென்று 40, 50-க்கு இறங்கி அகலமாக நின்றால் குறித்துவையுங்கள், அடர்த்தி லாக்கையும், நுண்துளை அளவைக் காட்டும் நியூட்ரான் லாக்கையும் கேட்டு மணலா சுண்ணாம்பா என்று உறுதிசெய்யுங்கள்.

இதே பாறை மூடியாகவும் வேலை செய்கிறது. நுண்துளைகள் அவ்வளவு சின்னது, கீழே இருக்கிற வாயுவை மேலே விடாது. நார்வேயின் ட்ரோல் வயலின் வாயு மேலேறிப் போகாமல் நிற்பதற்கு மேலே கிடக்கிற டிராப்னேயும் ஒரு காரணம். அதற்குப் பக்கத்தில் ஸ்மேஹெயா என்ற பகுதியில் கரியமில வாயுவைப் புதைக்கலாமா என்று ஆராயும்போதும் இதைத்தான் மூடியாக எடுத்துப் பரிசோதிக்கிறார்கள். அந்த வேலைக்குப் பார்க்கவேண்டிய எண்கள் வேறு: தடிமன் விளிம்பில் எவ்வளவு குறைகிறது, பிளவுகள் அதை முழுக்க வெட்டிவிட்டனவா, அழுத்தினால் வளையுமா உடையுமா. கார்பன் கூடினால் பாறை மென்மையாகும், டோலமைட் கூடினால் எளிதில் உடையும். முன்பு எண்ணெய்க்காகப் போட்ட அதே லாக் இதற்கும் உதவும்.

நம் கடலைப் பற்றிக் கேட்பீர்கள். மன்னார் வளைகுடாப் படுகையும் ஜுராசிக் கடைசியிலும் கிரிடேசியஸ் தொடக்கத்திலும் நடந்த பிளவில் உருவானதுதான். இலங்கைப் பக்கத்தில் டொராடோ, பாரகுடா என்ற இரண்டு கிணறுகளில் 2011-ல் வாயு தட்டியது. உவரிக் கடற்கரையில் நின்று கிழக்கே பார்க்கும்போது கண்ணெதிரே விரிவது அந்தப் படுகைதான். வடகடலில் கை பழகினால் இங்கே வேலை வரும்போது தடுமாற மாட்டீர்கள், அதற்காகத்தான் இவ்வளவு தூரத்துப் பாறையைப் படிக்கச் சொல்கிறேன்.

படி 10: உங்கள் கோட்டை அதிகாரப்பூர்வக் கோட்டோடு வைத்துப் பாருங்கள்

ஐந்து கிணறு எடுங்கள். ஒவ்வொன்றிலும் டிராப்னேயின் உச்சி, அடி இரண்டையும் ஃபேக்ட்பேஜஸைப் பார்க்காமல் நீங்களாகக் குறியுங்கள். பக்கத்தில் ஏன் அங்கே கோடு போட்டீர்கள் என்று ஒரே வரி, எந்த இரண்டு சாட்சி சொன்னது என்று எழுதுங்கள். அதற்குப் பிறகு இணையதளத்தைத் திறந்து ஒப்பிடுங்கள். உச்சியில் ஐந்து மீட்டருக்கு மேல் வித்தியாசம் வந்தால் நீங்கள் எதையோ விட்டிருக்கிறீர்கள், பெரும்பாலும் ஆழக் கணக்கில்தான் இருக்கும். அடியில் இருபது மீட்டர் வித்தியாசம் வந்தால் பயப்படாதீர்கள், உங்கள் காரணம் திடமாக இருந்தால் அந்தக் கோட்டை அழிக்காமல் வைத்திருங்கள். அப்புறம் அந்த ஐந்து தாளையும் எடுத்துக்கொண்டு ஞாயிற்றுக்கிழமை காலையில் வாருங்கள், மேஜையில் பரப்பிவைத்துப் பார்ப்போம்.